தோசைக்கல் வீடியோவில் வெட்டிய பகுதி

கோரிப்பாளையம் சிக்னலில் இறங்கி, "யூசுப் செல்போன் சர்வீஸ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் ஆட்டோக்காரர் உதட்டைப் பிதுக்குவார். "தோசைக்கல் பாய் கடை" என்று கேளுங்கள். இளநீர் வெட்டுகிறவர்கூட அரிவாளை நீட்டி வழி காட்டுவார். தர்காவுக்குப் போகிற சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் அத்தர் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர் அகலத்தில் இருக்கிற அந்தக் கடை என்னுடையதுதான். போர்டில் என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்படி ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று எங்கள் மெக்கானிக் சங்கத்தில் கேட்டார்கள். மற்றவர்கள் தாங்கள் பேர் வாங்கிய கதையை எழுதியிருக்கிறார்கள். நானும் பேர் வாங்கிய கதையைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அந்தப் பேரை நான் கேட்டு வாங்கவில்லை. எரிச்சலோடுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இந்தக் காலத்தில் அதுதானே எல்லோருக்கும் கைவந்த கலை.

1. கண் முன்னால் வேலை

நான் தொழிலுக்கு வந்தபோது பேட்டரி மாற்றுவது ஒரு வேலையே இல்லை. பின்னால் மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வந்து விழும். பிறகு கம்பெனிக்காரர்கள் பேட்டரியை உள்ளே வைத்துப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் கண்ணாடியை ஒட்டி, வாடிக்கையாளரை வெளியே நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் தன் பொருளைத் தானே திறக்க முடியாதபடி செய்தது அயோக்கியத்தனம்தான்.

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பேட்டரி வேலை என்றால் போனை வாங்கி வைத்துக்கொண்டு "சாயங்காலம் வாங்க" என்று சொல்லமாட்டேன். முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே திறந்து, மாற்றி, மூடிக் கொடுப்பேன். லாக் நம்பர் கேட்பதில்லை. இதற்குக் காரணம் பெண்கள். போனை ஒரு மணி நேரம் கடையில் விட்டுப் போகச் சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் அவர்கள் பிள்ளைகளின் படம் இருக்கும், வீட்டுக்குள் எடுத்த படம் இருக்கும். எவன் என்ன நோண்டுவானோ என்ற பயம். எங்கள் தொழிலில் சிலர் நடந்துகொண்ட லட்சணத்துக்கு அந்தப் பயம் நியாயம்தான். அதனாலேயே பேட்டரி உப்பி, டிஸ்பிளே தூக்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தாலும் கடைக்குக் கொண்டுவராமல் ஓட்டுவார்கள்.

உப்பிய பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே காற்று சேர்ந்து அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அதை எடுக்கும்போது என் காலடியில் எப்போதும் ஒரு பெயின்ட் வாளி நிறைய காய்ந்த மணல் இருக்கும். எடுத்த பேட்டரி நேராக அந்த மணலுக்குள் போய்விடும். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். "பாய் கடையில பீச்சு போட்டுருக்காரு" என்பார்கள். அவர்களில் சிலர் உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிட்டு, அதையே திரும்ப மாட்டிக் கொடுப்பவர்கள். வாடிக்கையாளர்களும் என்னிடம் வந்து, "ஊசி வச்சுக் காத்த எறக்கி விடுங்க பாய், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று உரிமையோடு கேட்பார்கள். ஊசியைத் தொடுவதும் நெருப்பைத் தொடுவதும் ஒன்று என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வாய் வலித்தால் எனக்குக் கிண்டல் வரும். அது என் சுபாவம். "தாராளமாக் குத்துங்க, முன்னாடியே தீயணைப்புக்குச் சொல்லிட்டு வாங்க" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் புரிந்துகொள்வார்கள். நேராகச் சொன்னால் ஏறாதது கிண்டலாகச் சொன்னால் ஏறும் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2. மாப்பிள்ளையின் கேமரா

என் தங்கை நூர்ஜகானின் கணவன் ரபீக். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை நான்தான் கடைக்குக் கூட்டிவந்து தொழில் சொல்லிக் கொடுத்தேன். கை சுத்தம், வாடிக்கையாளரிடம் பேச்சும் இனிப்பாக இருக்கும். குறை என்று சொன்னால் ஒன்றுதான். வேலையைவிட வேலையைப் படம் பிடிப்பதில் அவனுக்கு ஆசை அதிகம். கடைக்கென்று ஒரு சேனல் ஆரம்பித்தான். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் போர்ட் சுத்தம் செய்வது என்று என் கையைப் படம் பிடித்துப் போடுவான். பெரிதாக யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள், வீட்டிலேயே பேட்டரி மாற்றுவது எப்படி என்று ஒரு வீடியோ போடலாம், கூடவே பேட்டரியும் டூல்ஸும் ஒரு கவரில் போட்டு கிட்டாக விற்கலாம் என்றான். நம் பிழைப்பில் நாமே மண் போடுவதா என்று மற்ற கடைக்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைக்குக் கொண்டுவர பயப்படுகிற பெண்களை நினைத்தேன். பேட்டரி சும்மா வலுக் குறைந்திருந்தால், உப்பாமல் இருந்தால், பொறுமையுள்ள யாரும் வீட்டு மேஜையில் வைத்து மாற்றிவிடலாம். தையல் மிஷின் பாபினைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைக்கு இது பெரிய விஷயம் இல்லை. செய்யக் கூடாததைச் செய்யாமல் இருந்தால் போதும். சரி எடு என்றேன்.

மத்தியானம் முழுக்க எடுத்தோம். ஒவ்வொரு கட்டத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சார்ஜை இறக்கு, ஸ்விட்ச் ஆஃப் செய், மணலைப் பக்கத்தில் வை என்று ஆரம்பித்து, உப்பியிருந்தால் தொடாதே, கடைக்கு வா என்பதுவரை ஒன்றுவிடாமல் பேசினேன். ஃபேனை வேறு நிறுத்திவிட்டான், சத்தம் வருகிறதாம். வேர்த்துக் கொட்டியது. மூடியின் பசையை இளக்க ஹீட் கன்னை எடுத்தபோது கேமராவுக்குப் பின்னால் இருந்து ரபீக் கேட்டான்:

"மச்சான், வீட்ல ஹீட் கன் இல்லாதவங்க என்ன பண்றது?"

"ஹீட் கன் இல்லையா? தோசைக்கல்ல அடுப்புல போட்டு அது மேல வையி. அப்பறம் ஆம்புலன்சைக் கூப்புட வேற போன் தேடு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். உடனே, கிண்டலுக்குச் சொன்னேன், அப்படி யாரும் செய்துவிடாதீர்கள், ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்ப் பை இருந்தால் அதன்மேல் வையுங்கள், அந்தச் சூடு போதும் என்று நேராகவும் சொன்னேன். எல்லாம் ரெக்கார்டிங்கில் இருக்கிறது. இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

ரபீக்தான் வீடியோவைத் தயார்செய்து போட்டான், கிட்டையும் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பினான். வீடியோ ஓட ஆரம்பித்தது. எப்படி ஓடுகிறது, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வேலை நேரத்தில் நான் போனைப் பார்ப்பவன் இல்லை, கண்ணில் வேலை பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். டீக்கடையில் ஒருவர், "என்ன தோசைக்கல் பாய், நல்லாருக்கீங்களா" என்றார். அடுத்து ஜெராக்ஸ் கடைக்காரர். ரபீக்கிடம் கேட்டேன். "நீங்க கிண்டலாச் சொன்னது சனங்களுக்குப் புடிச்சுப்போச்சு மச்சான்" என்றான். என் கிண்டலைத்தான் ரசிக்கிறார்கள் என்று எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

3. பட்டுத் துணி

ஜெயராணி திருவாதவூர்க்காரர். ஆரி வேலை செய்கிறவர். கல்யாணப் பெண்களின் பட்டு ஜாக்கெட்டில் ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துப் பூ போடுகிறாரே, அந்த வேலை. கணவர் அந்தோணி லோடு வண்டி ஓட்டுகிறார். டிசைன் காட்டுவது, ஆர்டர் எடுப்பது எல்லாம் போனில்தான். சார்ஜிங் போர்ட் வேலைக்காக முன்பு என் கடைக்கு வந்திருக்கிறார். கண் முன்னால் செய்து கொடுத்ததில் அவருக்கு என்மேல் நம்பிக்கை. அன்றைக்கே பார்த்தேன், பேட்டரி லேசாகத் தூக்க ஆரம்பித்திருந்தது. அந்த மாடல் பேட்டரி கையிருப்பில் இல்லை. வரவழைத்து வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள், அதுவரை ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. முகூர்த்த நாட்கள் நெருங்கின. பஸ் ஏறி மதுரைக்கு வந்து போக ஒரு பகல் போய்விடும். ஒரு பகல் என்பது அவருக்கு ஒரு ஜாக்கெட்டின் கை.

பிறகு வந்தபோது வலது கையில் கட்டு. பக்கத்தில் அந்தோணி. ஒரு பிளாஸ்டிக் பையை கவுன்ட்டரில் வைத்தார். உள்ளே போன் இருந்தது. போன் என்று நான் சொல்வதால்தான் நீங்கள் நம்பவேண்டும், அப்படிக் கருகிக் கிடந்தது.

"மெமரி கார்டு மட்டும் வருமான்னு பாருங்கண்ணே. டிசைன் பூராம் அதுலதான் இருக்கு" என்றார் ஜெயராணி.

கார்டு இருக்கிற மூலை தப்பியிருந்தது. எடுத்துக்கொண்டே, எப்படி ஆனது என்று கேட்டேன். அவர் சொன்னார். எங்கள் கிட்டைத்தான் தபாலில் வாங்கியிருக்கிறார். வேலை முடிந்ததும் போன் உடனே ஓடவேண்டுமே என்று முதல்நாளே ஃபுல் சார்ஜ் போட்டிருக்கிறார். தோசைக்கல்லைக் காயவைத்து, அடுப்பை அணைத்து, மேலே துணியை விரித்து, அதன்மேல் போனின் பின்புறம் படும்படி வைத்திருக்கிறார். அடுப்பை அணைத்தாலும் இரும்புக் கல் சூட்டை விடாது என்பது தோசை சுடுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சூடுதான் வேண்டுமென்று நினைத்திருக்கிறார். மூடி கழன்றதும் அடுக்களையில் வெளிச்சம் போதாமல் போனைத் தறி இருக்கிற அறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். தறி என்றால் துணியை இழுத்துக் கட்டி ஆரி போடுகிற மரச்சட்டம். கிட்டில் இருந்த இரும்பு பிளேடை பேட்டரிக்கு அடியில் விட்டு நெம்பியிருக்கிறார். ஏற்கெனவே உப்பிய பேட்டரி. முழு சார்ஜ். சுடச்சுட. அதில் இரும்பு.

உஸ்ஸென்று புகை வந்து தீப்பிடித்தது. சட்டத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு, பக்கத்தில் இன்னும் நாலைந்து பேருடைய பட்டு. கீழே போட்டால் எல்லாம் போய்விடும். எரிகிற போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடி, தெருவில் எறிந்திருக்கிறார்.

"பட்டுக்கு ஒண்ணும் ஆகலண்ணே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டுக்குள்ளே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனிவரை வெந்துபோயிருந்தன. ஆரி ஊசியைப் பிடிப்பது அந்த இரண்டு விரலால்தான்.

கோபத்தில் கேட்டுவிட்டேன், யாராவது தோசைக்கல்லில் போனை வைப்பார்களா என்று. அந்தோணி தன் போனை எடுத்து, ஏதோ தேடி, என் முன்னால் வைத்தார். பாட்டுச் சத்தத்தோடு என் கடை தெரிந்தது, என் கை தெரிந்தது. என் குரல் கேட்டது.

"ஹீட் கன் இல்லையா? தோசைக்கல்ல அடுப்புல போட்டு அது மேல வையி."

அத்தோடு சரி. அடுத்த நொடி மூடி பூப்போலக் கழன்று வருகிறது. ஆம்புலன்ஸ் இல்லை. வெந்நீர்ப் பை இல்லை. சார்ஜை இறக்கு என்பது இல்லை, மணல் இல்லை, உப்பியிருந்தால் தொடாதே என்பது இல்லை. மத்தியானம் முழுக்க நான் பேசியதில் மிஞ்சியது ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. அதில் நடுநாயகமாக இந்த வாக்கியம்.

இது நான் சொன்னது இல்லை, வெட்டியிருக்கிறார்கள் என்றேன். என் குரல் எனக்கு முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போது அப்படிச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

ஜெயராணி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "நீங்க சொன்னதுனாலதாண்ணே வச்சேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

4. ரபீக்கின் நியாயம்

அவர்கள் போனதும் ரபீக் வந்தான். டெலிவரிக்குப் போயிருந்தான். வீடியோவைக் காட்டி, ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். ஆள் அசரவில்லை.

"அம்புட்டையும் போட்டா யாரு மச்சான் பாப்பா? விரலால தள்ளிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பாய்ங்க. அந்த எடத்துல வந்துதான் நிக்கிறாய்ங்க."

அதுதானே ஆபத்தான இடம் என்றேன். உருப்படியாகச் செய்ய நினைக்கிறவன் கடைக்கு போன் போட்டுக் கேட்டுக்கொள்வான் என்றான். இரும்பு பிளேடை எதற்குக் கிட்டில் போட்டாய், நான் பிளாஸ்டிக் பட்டைதானே போடச் சொன்னேன் என்று கேட்டேன். பிளேடு இருந்தால்தான் டூல்ஸ் என்று நம்புகிறார்களாம். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

"பாத்தவய்ங்க எத்தனையோ பேரு. ஒருத்தருக்குத்தான மச்சான் ஆச்சு?"

"நம்ம கடைக்கு வந்து கையக் காட்டுனது ஒருத்தரு மாப்ள. மத்தவங்க கையி நமக்குத் தெரியாது, அம்புட்டுதான்."

 வீடியோவைச் சேனலில் இருந்து எடுத்துவிடு, கிட்டை நிறுத்து, இரண்டையும் செய்யாவிட்டால் நாளைக்குக் கடைக்கு வராதே என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் நூர்ஜகான் வந்து நின்றாள். "அவரைத் திட்டுங்கண்ணே, அடிங்க. கடையை விட்டு மட்டும் அனுப்பாதீங்க" என்று அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது, சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். ஆனால் ஜெயராணியின் கட்டு கண்ணைவிட்டுப் போகவில்லை. ரபீக் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்து, தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வரட்டும், பிறகு பேசலாம் என்றேன். அவன் போகவில்லை. போனால் கேஸ் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

இப்போது நாகமலை புதுக்கோட்டையில், யுனிவர்சிட்டி பக்கம் தனிக்கடை போட்டிருக்கிறான். மாணவர்கள் கூட்டம் நன்றாக இருக்கிறது என்று கேள்வி. பெருநாளைக்கு நூர்ஜகான் வீட்டில் இருந்து தூக்குச்சட்டியில் பிரியாணி வரும். அது நின்றுபோனது. தெருவில் எதிரில் வந்தால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு போகிறாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம், அது ஆறவும் இல்லை.

வீடியோவை எங்கள் சேனலில் இருந்து எடுத்தான். அதற்குள் யார் யாரோ அதைத் தரவிறக்கி, அவரவர் பாட்டைச் சேர்த்து, குடும்ப குரூப், கூடப் படித்தவர்கள் குரூப், கோயில் குரூப் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் முழு ரெக்கார்டிங்கை ஒரு நொடிகூட வெட்டாமல் அதே சேனலில் ஏற்றினேன். சீந்துவார் இல்லை. பார்த்த ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "பாய், மொக்கை போடாம தோசைக்கல் மேட்டருக்கு வாங்க."

5. வெட்டிய பகுதி

அவர்கள் தள்ளிவிட்டுப் போனதை இங்கே எழுதிவைக்கிறேன். காகிதத்தை யாரும் வெட்டிப் பாட்டுச் சேர்க்க முடியாது என்று ஒரு நம்பிக்கை.

முதலில் போனை மேஜையில் படுக்கவைத்துப் பாருங்கள். பின்புறம் தூக்கியிருந்தால், டிஸ்பிளே ஓரம் பிளந்திருந்தால், மேஜைமேல் வைத்து விரலால் சுண்டியதும் பம்பரமாகச் சுற்றினால், பேட்டரி உப்பிவிட்டது. அது வீட்டு வேலை இல்லை. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், ஸ்விட்ச் ஆஃப் செய்து கடைக்குக் கொண்டுபோங்கள். கண் முன்னால் செய்யாத கடையாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

உப்பாத பேட்டரி என்றால், சார்ஜ் கால் பங்குக்கும் கீழே இறங்கும்வரை போனை ஓடவிட்டு, பிறகு அணையுங்கள். நிறைந்த பேட்டரி எரிவதற்கும் காலிப் பேட்டரி எரிவதற்கும் உள்ள வித்தியாசம், நிறைந்த மண்ணெண்ணெய் டின்னுக்கும் காலி டின்னுக்கும் உள்ளதுதான். உள்ளே இருக்கும் பேட்டரியில் அச்சடித்திருக்கிற நம்பரும் புதியதின் நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். மேஜையில் துணி, பேப்பர் எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல்.

மூடியின் பசை இளக வெந்நீர்ப் பை போதும். கை பொறுக்கிற சூடுதான் பேட்டரியும் பொறுக்கும். அவசரப்படாதீர்கள், இளகவில்லை என்றால் மறுபடி பையை வையுங்கள். தோசைக்கல், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. மூடியை எடுத்ததும், வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால், பேட்டரியில் இருந்து போர்டுக்குப் போகிற கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியை நெம்ப இரும்பு கூடாது. பழைய ஏடிஎம் கார்டை நறுக்கிக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு அடியில் இழுக்கிற பட்டை இருந்தால் அதை மெதுவாக இழுங்கள். வளைந்துவிட்டால், ஓட்டை விழுந்தால், தித்திப்பாக ஒரு வாடை வந்தால் வேலையை விட்டுவிடுங்கள். புகை வந்தால் கையில் எடுக்காதீர்கள். மணலைக் கொட்டிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், தீயணைப்பைக் கூப்பிடுங்கள். புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. பக்கத்தில் என்ன பட்டு இருந்தாலும் சரி.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பேட்டரி திரும்ப வாங்குகிற இடத்தில் கொடுங்கள். புதியதை மாட்டியதும் முதல் சார்ஜின்போது பக்கத்திலேயே இருங்கள்.

இவ்வளவுதான். படிக்க எத்தனை நேரம் ஆனது? இதற்குத்தான் பொறுமை இல்லை என்றார்கள்.

6. கட்டைவிரல்

காயம் ஆறிய பிறகு ஜெயராணி மறுபடி வந்தார். சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த பழைய போனைச் சரிபார்த்து, கார்டைப் போட்டு, அவருக்குத் தகுந்தபடி அமைத்துத் தரவேண்டும். ஸ்டூலைப் போட்டேன். பேட்டரியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. கடைசியாக விரல்ரேகை வைக்கவேண்டும். அவர் பழக்கத்தில் வலது கட்டைவிரலை நீட்டினார். விரல் ஆறியிருந்தது, ஆனால் நுனி வழவழவென்று மினுங்கியது, கோடு என்று ஒன்றும் இல்லை.

போன் விரலை எடுத்து மறுபடி வைக்கச் சொன்னது. வைத்தார். இன்னும் அழுத்தமாக வைக்கச் சொன்னது. வைத்தார். சென்சாரைத் துடைக்கச் சொன்னது. நானும் ஏதோ சென்சாரில்தான் கோளாறு என்பதுபோலத் துணியால் துடைத்தேன்.

"ரேஷன் கடை மிஷின்லயும் இப்புடித்தாண்ணே சொல்லுது. விடுங்க" என்று இடது கையை நீட்டினார்.

இடது கட்டைவிரலைப் பதிந்து கொடுத்தேன். ஆரி ஊசி பிடிக்க வருகிறதா என்று கேட்டேன். பிடிக்கிறேன், நூல் போகிறது தெரியமாட்டேன் என்கிறது, கல்யாண ஆர்டர் எடுப்பதில்லை, ஹெம்மிங்கும் கொக்கி வைப்பதும் செய்கிறேன் என்றார். அதை அவர் ஏதோ வீட்டுச் செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் ஆம்புலன்ஸ் என்று சொன்னதையும், வெந்நீர்ப் பை என்று சொன்னதையும், முழு ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போட்டுக் காட்டி என்ன ஆகப்போகிறது? விரலில் கோடு வராது. பேட்டரி எப்போது தொந்தரவு கொடுத்தாலும் நீங்கள் தொடாதீர்கள், ஒரு போன் போடுங்கள், நானே திருவாதவூருக்கு வருகிறேன் என்றேன். தலையாட்டினார்.

வெளியே போய் நின்று, அந்த போனில் முதல் அழைப்பாக அந்தோணியைக் கூப்பிட்டார். வண்டியை எங்கே கொண்டுவருவது என்று அவர் கேட்டிருக்கவேண்டும். ஜெயராணி என் கடை போர்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு யாருக்கும் தெரிகிற மாதிரி அடையாளம் சொன்னார்.

"தோசைக்கல் பாய் கடைக்கு முன்னாடி நிக்கிறேன், வாங்க."

அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அந்தப் பேரைச் சொன்னால்தான் கோரிப்பாளையத்தில் வழி தெரியும்.

அன்றிலிருந்து நான் கடையில் கிண்டல் பேசுவதில்லை. ஊசி வைத்துக் காற்றை இறக்கச் சொல்லி யாராவது வந்தால், கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்கிறேன். முன்னே மாதிரி சிரிப்பு காட்டுகிறதில்லை, பாய்க்குக் கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.